3,60,000 யென் ரெக்கார்டர்: அந்த விலைக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்?

வாசகர் கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாயில் எட்டு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசிக்கிறோம். மகள் உள்ளூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஜப்பானிய மொழி அவளுக்குத் தமிழுக்கு நிகராக வருகிறது. இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகளில் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிடுவோம். அங்கே போன பிறகு மொழி அவளை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக, அவள் விரும்பிப் பார்க்கும் கல்வி நிகழ்ச்சிகளையும், என் மனைவி பார்க்கும் காலைத் தொடரையும், நான் பார்க்கும் சூமோவையும் பதிவு செய்து கொண்டுபோக விரும்புகிறோம். இப்போது 55 அங்குலத் தொலைக்காட்சியுடன் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை இணைத்துப் பதிவு செய்கிறோம். கடையில் பானசோனிக்கின் 'டீகா' ப்ளூ-ரே ரெக்கார்டர் வரிசையின் உச்சக் கருவியான டிஎம்ஆர்-இசட்ஆர்1-ஐக் காட்டி, ஏறத்தாழ 3,60,000 யென் என்றும், ஒருமுறை வாங்கினால் போதும் என்றும் சொன்னார்கள். அது அந்த விலைக்குத் தகுதியானதுதானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தேவைக்கு அந்தக் கருவியை வாங்க வேண்டாம். ஆனால் ரெக்கார்டரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ரெக்கார்டரை, அதுவும் தள்ளிப்போடாமல், நீங்கள் வாங்கத்தான் வேண்டும். இருபது ஆண்டுகளாக இந்நகரத்தில் வீட்டுத் தொலைக்காட்சிகளையும் ஒலிக்கருவிகளையும் பொருத்தித் தரும் தொழிலில் இருக்கிறேன். இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு குழந்தையின் மொழி என்னவாகும் என்ற கவலையோடு கேட்டவர்கள் அவர்களில் மிகச் சிலர்தான். அந்தக் கவலையை மனத்தில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவற்றின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியுடன் இணைத்த யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகும் நிகழ்ச்சிகள் யாவும் அந்த ஒரே தொலைக்காட்சிக்கு மட்டும் உரிய மறைகுறியீட்டுடன் எழுதப்படுகின்றன. அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு தொலைக்காட்சியில் செருகினால், அதே நிறுவனத்தின் அதே மாதிரியாக இருந்தாலும்கூட, பொதுவாக அதை முதலில் அழித்துச் சீரமைக்கச் சொல்லுமே தவிரப் படம் காட்டாது. ஊர் திரும்பும்போது தொலைக்காட்சியை இங்கேயே விட்டுவிட்டுப் போனால், எட்டு ஆண்டுப் பதிவுகளும் அதனுடனேயே போய்விடும். சில தொலைக்காட்சிகளில், வீட்டு நெட்வொர்க் வழியாக இந்தப் பதிவுகளை ரெக்கார்டர் ஒன்றுக்கு மாற்றி, அங்கிருந்து ப்ளூ-ரே வட்டில் எழுதும் வசதி உண்டு. உங்கள் தொலைக்காட்சியின் கையேட்டில் 'டபிங்' (இங்கே இதற்கு நகலெடுத்தல் என்று பொருள்) பகுதியைத் தேடிப் பாருங்கள். அந்த வசதி இருந்தால், எந்த ரெக்கார்டரை வாங்குவது என்பதை அதுவே பெருமளவு தீர்மானித்துவிடும். ஏனெனில் தொலைக்காட்சியிலிருந்து பதிவுகளைப் பெற்றுக்கொள்ளும் வசதி உள்ள கருவியையே நீங்கள் வாங்க வேண்டியிருக்கும்.

ரெக்கார்டரின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே கட்டுப்பாடுதான் என்பதைப் பலர் அறிவதில்லை. எனக்கே அது நேர்ந்தது. 2013-இல் வாங்கிய என் ரெக்கார்டரின் தாய்ப்பலகை ஆறாம் ஆண்டில் பழுதானது. சேவை மையத்தில் பலகையை மாற்றி, ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் கருவியைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் பழைய பலகையின் சாவியோடு பூட்டப்பட்டிருந்த ஆறாண்டுப் பதிவுகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. என் மகனின் பள்ளி விளையாட்டு விழா வட்டாரச் செய்தியில் நாற்பது விநாடி வந்திருந்தது. அதுவும் அதிலேயே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் எவ்விதக் குறையும் இல்லை. வட்டில் எழுதி வைத்திருந்தால் இன்றும் என்னிடம் இருந்திருக்கும். அதன் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும், எத்தனை டெராபைட் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை வட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றே கேட்கிறேன்.

இனி உச்சக் கருவியின் விலைக்கு வருகிறேன். டிஎம்ஆர்-இசட்ஆர்1 2022 ஜனவரியில் வந்தது. 6 டெராபைட் ஹார்ட் டிஸ்க், 4கே (சாதாரண எச்டியைவிட நான்கு மடங்கு நுணுக்கமான படம்) ஒளிபரப்பைப் பிடிக்கும் மூன்று ட்யூனர்கள், எடை 13.6 கிலோ. சாதாரண ரெக்கார்டர் ஒன்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். இதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த எடை வெறும் அலங்காரம் அல்ல. அதிர்வைத் தாங்கும் தடித்த அடித்தளம், தனி மின்வழங்கி, எச்டிஎம்ஐ கேபிள் வழியே செல்லும் ஒலிக் குறிகையில் கடிகாரத் துடிப்பின் நடுக்கத்தைக் குறைக்கும் மின்சுற்று ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பணம் போகிறது. இவை அனைத்தும் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத் திரையில் காட்டும்போதும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போதும் பயன்படுபவை. பதிவு செய்வதற்கும் வட்டில் எழுதுவதற்கும் இவற்றால் எந்தப் பயனும் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையிடத்தில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வருவது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண்தொடர். ரெக்கார்டர் அதை 'நேரடிப் பதிவு' முறையில் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே எழுதுகிறது. வட்டுக்கு மாற்றும்போதும் அப்படியே நகலெடுக்கிறது. 60,000 யென் கருவி எழுதிய வட்டில் இருக்கும் படமும், 3,60,000 யென் கருவி எழுதிய வட்டில் இருக்கும் படமும் ஒன்றுக்கொன்று எண் மாறாமல் ஒத்திருக்கும். கோயம்புத்தூரில் உங்கள் மகள் பார்க்கப்போவது அந்த வட்டைத்தான். இங்கே நீங்கள் கூடுதலாகத் தரும் மூன்று லட்சம் யென்னில் ஒரு யென்கூட அந்த வட்டுக்குள் போவதில்லை.

அவள் பார்க்கும் கல்வி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கல்வித் தடமான ஈ-டெலியில் வருபவையாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அது தரைவழி ஒளிபரப்பு; அதில் 4கே கிடையாது. காலைத் தொடரைத் தரைவழியில் பார்த்தால் அதுவும் அப்படியே. ஆக, அந்தக் கருவியின் மூன்று 4கே ட்யூனர்களும் நீங்கள் சொன்ன நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு உறங்கிக்கொண்டேதான் இருக்கும். செயற்கைக்கோள் வழியே வரும் 4கே தடங்களில் என்எச்கேயின் ஆவணப்படங்களும் இசை நிகழ்ச்சிகளும் உண்மையிலேயே அழகானவை; ஆனால் 4கே என்ற பெயரில் வருவனவற்றில் பல, சாதாரண எச்டியான 2கே-யில் எடுக்கப்பட்டுப் பெரிதாக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

'ஒருமுறை வாங்கினால் போதும்' என்று சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த நாட்டில் உச்ச விலை ரெக்கார்டர்களின் வரலாறு அந்தச் சொல்லுக்குச் சாதகமாக இல்லை. உலகின் முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரான சோனி பிடிஇசட்-எஸ்77, 2003 ஏப்ரலில் 4,50,000 யென்னுக்கு வந்தது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. செயற்கைக்கோள் டிஜிட்டல் ட்யூனர் இருந்தது, தரைவழி டிஜிட்டல் ட்யூனர் இல்லை. எட்டு மாதம் கழித்து, 2003 டிசம்பர் 1 அன்று, டோக்கியோ, நகோயா, ஒசாகா பகுதிகளில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது. அந்தச் சோனி கருவியின் வட்டுகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வந்தவை. பின்னாளில் வந்த கருவிகளின் தட்டில் அந்தக் கூட்டை வைக்க இடமே இல்லை. 2006 ஜூலையில் தோஷிபா ஆர்டி-ஏ1 வந்தது: 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குடன், ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி வட்டில் எழுதும் முதல் ரெக்கார்டர், விலை 3,98,000 யென். 2008 பிப்ரவரியில் தோஷிபாவே எச்டி டிவிடியைக் கைவிட்டது. 2015 நவம்பரில் பானசோனிக்கின் டிஎம்ஆர்-யுபிஇசட்1, 4கே திரைப்பட வட்டான அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயை இயக்கும் உலகின் முதல் கருவி என்ற பெருமையுடன் வந்தது. 2018 டிசம்பரில் புதிய 4கே செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியபோது, அதைப் பெறும் ட்யூனர் அதனுள் இல்லை.

இம்மூன்றும் மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட கருவிகள். இரண்டை நானே திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த உழைப்பைப் பார்த்து வியந்திருக்கிறேன். அவற்றின் உலோகமும் மின்சுற்றும் நிலைத்தன; ஒளிபரப்பு முறையும் வட்டின் வடிவமும்தான் அவற்றை விட்டு விலகிப் போயின. நான்கு ஆண்டில் நாட்டையே விட்டுப் போகவிருப்பவருக்கு ஒளிபரப்பு முறை ஒரே நாளில் மாறிவிடும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானிய ட்யூனர் எதுவும் இந்தியாவில் எந்த ஒளிபரப்பையும் பிடிக்காது. கோயம்புத்தூரில் அந்த 13.6 கிலோ கருவி, மூன்று 4கே ட்யூனர்களைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒரு வட்டு இயக்கி மட்டுமே.

அப்படியானால் யாருக்கு அது தகும்? நூறு அங்குலத் திரையும் ப்ரொஜெக்டரும், நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே வீட்டில் இருந்து, அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே திரைப்பட வட்டுகளை வாங்கிச் சேர்க்கும் பழக்கமும் இருந்து, செயற்கைக்கோள் 4கே கச்சேரிகளைப் பதிவு செய்து வாரந்தோறும் கேட்பவராக இருந்தால், அவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருள் அடர்ந்த காட்சிகளிலும், மெல்லிய வயலின் ஒலி அடங்கும் இடங்களிலும் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது. உயர்தர இயக்கி ஒன்றையும் ரெக்கார்டர் ஒன்றையும் தனித்தனியே வாங்குவதற்குப் பதில் இதை வாங்குகிறார் என்று கணக்கிட்டால், அவர் தரும் விலை நியாயமானதே. 55 அங்குலத் தொலைக்காட்சியும் அதன் சொந்த ஸ்பீக்கரும் உள்ள வரவேற்பறையில் அந்த வேறுபாடு வெளிப்பட வழியில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இது: 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு அல்லது மூன்று ட்யூனர்களும் உள்ள இடைநிலை ரெக்கார்டர். 4கே ட்யூனர் உள்ளது 1,00,000 யென்னை ஒட்டி வரும். இல்லாதது அதற்கும் கீழே. ஆவணப்படங்களில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் மட்டும் முதலாவதை எடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் மான்ஷனின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) பொது ஆன்டெனாவும் வயரிங்கும் 4கே செயற்கைக்கோள் அலைவரிசையைக் கொண்டுவருகின்றனவா என்று கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். எந்தக் கருவியானாலும் மூன்றடுக்கு 100 ஜிகாபைட் வட்டில் எழுதக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை வட்டுகளுக்கு ஒதுக்குங்கள், அதுவும் இப்போதே. பானசோனிக் பதிவு ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. வெர்பாட்டிம் போன்ற பெயர்களில் வட்டுகள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் தயாரிப்பவர்கள் குறையக் குறைய, தரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் குறையும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டையே வாங்குங்கள். 'எல்டிஎச்' என்று உறையில் குறித்திருப்பவற்றைத் தவிருங்கள், ஏனெனில் அவற்றின் கரிமச் சாயம் வெளிச்சத்துக்கும் காலத்துக்கும் எளிதில் தளர்ந்துவிடும். கோயம்புத்தூரின் வெயில் படாத அலமாரியில், உறையோடு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வட்டின் மேல் காகித லேபிள் ஒட்டவே வேண்டாம்.

எத்தனை வட்டு தேவைப்படும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். தரைவழி ஒளிபரப்பை நேரடிப் பதிவு முறையில் எழுதினால், 25 ஜிகாபைட் வட்டு ஒன்றில் சுமார் 3 மணி நேரம் அடங்கும். பத்து நிமிடக் கல்வி நிகழ்ச்சிகள் என்றால் ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 18. காலைத் தொடர் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம். அரையாண்டுத் தொடர் முழுவதும் சேர்ந்தால் 32 மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 270 ஜிகாபைட். 100 ஜிகாபைட் வட்டு மூன்றில் முடிந்துவிடும். சூமோதான் இடத்தை விழுங்கும். நாளுக்கு மூன்று மணி, 15 நாள் போட்டி, ஆண்டுக்கு ஆறு போட்டி என்று அப்படியே எழுதினால் ஆண்டுக்கு 25 ஜிகாபைட் வட்டு 90 ஆகும். என்எச்கே இரவில் அன்றைய முதற்பிரிவு மற்போர்கள் அனைத்தையும் தொகுத்து அரை மணிக்குள் காட்டுகிறது. அதைப் பதிவு செய்தால் ஒரு போட்டி முழுவதும் ஒன்றிரண்டு இரட்டையடுக்கு (50 ஜிகாபைட்) வட்டுகளில் அடங்கும். உங்களைப் போன்ற ரசிகருக்கு அது மனக்குறையாக இருக்கலாம். இறுதி நாளை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகல்களைப் பற்றிய விதி ஒன்று உண்டு. 2008 ஜூலை முதல் பெரும்பாலான இலவச ஒளிபரப்புகளுக்கு 'டபிங் 10' பொருந்துகிறது: ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பதிவிலிருந்து ஒன்பது நகல் எடுக்கலாம், பத்தாவது முறை எழுதியதும் மூலம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழிந்துவிடும். எழுதிய வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு நகலெடுக்க முடியாது. ஆகவே மகளுக்காகச் சேர்க்கும் நிகழ்ச்சிகளை, மூலம் கருவியில் இருக்கும்போதே, இரண்டு வட்டுகளில் எழுதி விடுங்கள். பூட்டை உடைத்துக் கணினிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நாட வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்கே ஆனாலும் 2012 அக்டோபர் முதல் அது இங்கே சட்டத்துக்கு மாறானது.

அடுத்து, பலர் ஊருக்குப் போன பின்பே அறிந்துகொள்ளும் ஒரு சிக்கல். பதிவு வட்டில் மண்டலப் பூட்டு கிடையாது என்பதால் இந்தியாவில் வாங்கும் எந்த ப்ளூ-ரே பிளேயரிலும் ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானிய ஒளிபரப்பின் ஒலி 'ஏஏசி' முறையில் வருவது. ஒளிபரப்பைப் பதிவு செய்யும் வட்டின் கோப்பு அமைப்பும் கடையில் வாங்கும் திரைப்பட வட்டின் அமைப்பும் வேறு வேறு. வெளிநாட்டுப் பிளேயர்கள் பலவற்றில் இந்த வட்டு ஏற்கப்படாமலே போகலாம், அல்லது படம் வந்து ஒலி வராமல் இருக்கலாம். 4கே-யாகவே எழுதிய வட்டுக்கு இன்னும் குறைவான கருவிகளே பொருந்தும். மொழிக்காகச் சேர்க்கும் நிகழ்ச்சிகளில் ஒலி வராவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். எனவே ரெக்கார்டரைக் கட்டாயம் உடன் கொண்டுபோங்கள்; அது பழுதானால் கைகொடுக்க, இங்கே விற்கும் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் ஒன்றையும் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். இரண்டுமே பெரும்பாலும் 100 வோல்ட்டில் இயங்குபவை. 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அந்த நொடியே எரிந்துவிடும். கருவியின் பின்புறம் குறித்திருக்கும் வாட் அளவைப் போல் இரு மடங்கு தாங்கக்கூடிய, மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். இடைநிலை ரெக்கார்டருக்குச் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்பதும், ரெக்கார்டரைக் கைப்பையிலேயே வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம் என்பதும் அந்த ரெக்கார்டரின் கூடுதல் நன்மைகள். பானசோனிக் தன் ரெக்கார்டர்களுக்கான பழுதுநீக்க உதிரிகளை உற்பத்தி நிறுத்திய பின் 8 ஆண்டுகள் வைத்திருப்பதாகக் கூறுகிறது. ஆனால் அது ஜப்பானுக்குள் மட்டும் பயன்படும் வாக்குறுதி.

என்எச்கேயும் தனியார் நிலையங்களும் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை ஒரு வாரம் வரை இணையத்தில் பார்க்கத் தருகின்றனவே, அது போதாதா என்று உங்கள் மனைவி கேட்கக்கூடும். இங்கே இருக்கும்வரை அது மிக வசதியானது. ஆனால் அந்தச் சேவைகள் ஜப்பானுக்கு உள்ளே இருப்பவர்களுக்கானவை. விமானம் ஏறிய பிறகு அவற்றை நம்பித் திட்டமிட முடியாது.

ரெக்கார்டரை வாங்கிய அந்த வாரமே, மகள் மிகவும் விரும்பும் நிகழ்ச்சியில் இரண்டு பகுதிகளை ஒரு வட்டில் எழுதி முடியுங்கள். எழுதிய கருவியிலேயே போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், கொண்டுபோகப் போகும் அந்தச் சிறிய பிளேயரில் போட்டு, படமும் ஒலியும் துணைவரிகளும் சரியாக வருகின்றனவா என்று அவளையே உட்கார வைத்துப் பாருங்கள். மூன்றும் வந்தால் மட்டும் மீதி வட்டுகளை மொத்தமாக வாங்குங்கள்.